பல்லிக் குஞ்சு: ஆணா, பெண்ணா?

மாலை மங்கி, கொழுந்துக் கூடைகள் இறங்கி, லயத்து வாசல்களில் அடுப்புப் புகை எழும் வேளையில் சப்ரகமுவத் தோட்டங்களில் ஒவ்வொரு காம்பராவிலும் விளக்கு ஒன்று எரியத் தொடங்குகிறது. அன்று அது குப்பி விளக்காக இருந்தது. இன்று மின்விளக்காக இருக்கிறது. விளக்கு மாறினாலும் அதன் அருகே வந்து காத்திருக்கும் விருந்தாளி மாறவில்லை. சுவரில் ஒட்டியபடி, தலையைச் சற்றே உயர்த்தி, ஈசலையும் கொசுவையும் எதிர்நோக்கியிருக்கும் பல்லியைத்தான் சொல்கிறோம்.

அந்தப் பல்லி "சிக், சிக்" என்று ஒலித்ததும் வீட்டிலுள்ள மூதாட்டி சுவரை விரலால் தட்டி, "பல்லி சொல்லுது, நெனச்சது நடக்கும்" என்பார். காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கும் மரபில் வந்தவர்கள் நாம். எந்தத் திசையில் ஒலித்தால் என்ன பலன், உடலில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்றெல்லாம் கூறுவதற்குக் கௌளி சாஸ்திரமே நம்மிடம் உண்டு. ஆயினும் சிறுவர் கேட்கும் எளிய கேள்வி ஒன்றுக்கு அந்தச் சாஸ்திரத்தில் விடை கிடையாது. "இந்தப் பல்லி ஆணா, பெண்ணா?" என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியை நாம் நன்கு அறிவோம். நமது சிறுவயதில், கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில், அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த பல்லிக் குஞ்சு ஒன்றைப் பிடித்து ஜாம் போத்தலில் இட்டு வளர்த்தோம். மூடியில் ஆணியால் துளைகள் இட்டோம். அதற்குப் பெயர் வைக்கவேண்டுமென்றால் ஆணா, பெண்ணா என்று தெரியவேண்டும் அல்லவா? வகுப்புத் தோழன் ஒருவன், "வாலின் அடியை அமுக்கிப் பார்த்தால் தெரியும்" என்று உறுதியாகச் சொன்னான். அமுக்கினோம். வால் அறுந்து தரையில் துள்ளியது. குஞ்சு அசையாமல் கிடந்தது. மறுநாள் காலை பெரட்டுக் கொம்பு ஊதுவதற்கு முன்பே எழுந்து பார்த்தோம், அது இறந்திருந்தது. அது ஆணா, பெண்ணா என்பது நமக்கு இறுதிவரை தெரியவில்லை.

இன்றும் நம் சிறுவர் சிறுமியர் இதே கேள்வியைக் கேட்கின்றனர். இதே தவறையும் செய்கின்றனர். ஆகவே, விஞ்ஞானம் இதற்கு என்ன விடை கூறுகிறது என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சுவரில் வாழ்வோர் யார்?

"பல்லி" என்று ஒரே சொல்லால் அழைத்தாலும், நம் சுவரில் வாழ்வது ஓர் இனம் மட்டுமன்று. வாலில் சிறு முட்கள் போன்ற வளையங்கள் உடையது, விளக்கடியில் நாம் மிகுதியாகக் காணும் வீட்டுப் பல்லி. உடலெங்கும் கரும்புள்ளிகள் கொண்டது புள்ளிப் பல்லி. தட்டையான வாலும், மென்மையான தோலும், ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல்களில் மட்டுமே நகமும் உடையது நான்குநகப் பல்லி. இதைப் பிடித்தால் தோலே உரிந்து கையில் வந்துவிடும். ஈரவலயத்தின் பாறைகளிலும் மரங்களிலும் வாழ்ந்து, சில வேளைகளில் வீட்டுக்குள்ளும் வருவது இலங்கைக்கே உரிய கண்டிப் பல்லி. கொழும்பு நூதனசாலையின் தலைவராக விளங்கிய பீ. ஈ. பீ. தெரணியகலை 1953ஆம் ஆண்டு வெளியிட்ட வண்ணப்பட நூல் ஒன்றில் இந்நாட்டு ஊர்வனவற்றைத் தொகுத்துத் தந்தார். இரத்தினபுரிச் சுரங்கங்களின் இல்லத்தில் புதைந்து கிடந்த பண்டைய விலங்குகளின் எலும்புகளை ஆராய்ந்த அதே அறிஞர், சுவரில் ஊரும் சிற்றுயிரையும் ஆராய்ச்சிக்கு உரியதாகவே கருதினார் என்பது மாணவர் மனங்கொள்ளத் தக்கது.

அடையாளம் எங்கே?

சேவலுக்குக் கொண்டை உண்டு; மயிலுக்குத் தோகை உண்டு. பல்லிக்கு அத்தகைய வெளிப்படையான அடையாளம் எதுவும் முதுகுப்புறத்தில் இல்லை. அடையாளம் இருப்பது வயிற்றுப்புறத்திலேயே.

வளர்ந்த ஆண் வீட்டுப் பல்லியின் பின்னங்கால் தொடைகளின் உட்புறத்தில், ஒரு தொடையிலிருந்து மறு தொடை வரை, கழிவாய்க்குச் சற்று முன்னால் வளைந்து செல்லும் ஒரு வரிசையில் சுமார் முப்பது நுண்துளைகள் காணப்படும். அவற்றிலிருந்து மெழுகு போன்ற ஒரு பொருள் சுரக்கும். ஊர்ந்து செல்லும் இடங்களில் அப்பொருள் படிந்து, "இது என் எல்லை" என்று பிற பல்லிகளுக்கு மணத்தால் அறிவிக்கும். புள்ளிப் பல்லியின் ஆணில் இவ்வரிசை நடுவில் இடைவெளி விட்டு, தொடைக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கும். பெண் பல்லிகளில் இத்துளைகள் இருப்பதில்லை.

இரண்டாவது அடையாளம் வாலின் அடியில் உள்ளது. ஆணின் இனவிருத்தி உறுப்புகள் இரண்டு. அவை வெளியே தெரியாமல் வாலின் அடிப்பகுதியினுள் மடங்கி இருப்பதால், வளர்ந்த ஆணின் வாலடி இருபுறமும் சற்றே புடைத்துத் தோன்றும். பெண்ணின் வாலடியில் அத்தகைய தெளிவான புடைப்பு இல்லை.

மூன்றாவது, பெண்ணுக்கே உரிய அடையாளம். முட்டையிடும் காலம் நெருங்கும்போது, மெல்லிய வயிற்றுத் தோலினூடே இரண்டு வெண்ணிற முட்டைகள் பக்கத்துக்கு ஒன்றாகத் தெளிவாகத் தெரியும். இதைவிட உறுதியான சான்று வேறில்லை. பெண்ணின் கழுத்தின் இருபுறமும் சுண்ணாம்புச் சத்துச் சேர்ந்த வெண்மையான புடைப்புகளும் சில வேளை தென்படும். முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அதில் சேமிக்கப்படுகிறது. ஆனால் குஞ்சுகளிலும் அவ்வாறு காணப்படுவதுண்டாகையால் அதை மட்டும் நம்பி முடிவு கூறுதல் தகாது.

இங்கேதான் நமது கேள்வியின் முடிச்சு உள்ளது. மேற்கூறிய அடையாளங்கள் யாவும் வளர்ந்த பல்லிக்கு உரியவை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு இரண்டு அங்குல நீளமே இருக்கும். அதன் துளைகள் இன்னும் திறக்கவில்லை. வாலடி இன்னும் புடைக்கவில்லை. ஆண் குஞ்சும் பெண் குஞ்சும் நம் கண்ணுக்கு ஒன்றே. முதிர்ச்சி அடைய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும். அதற்கு முன் அமுக்கிப் பார்ப்பவர் எதையும் அறியப்போவதில்லை; வாலை மட்டுமே இழக்கச் செய்வார்.

வால் மீண்டும் முளைக்குமே என்று சிலர் கூறலாம். முளைக்கும் என்பது உண்மையே. ஆனால் புதிய வாலில் முள்ளந்தண்டு எலும்பு இல்லை. கசியிழையத்தாலான ஒரு தண்டே உண்டு. மேலும் வால் என்பது பல்லியின் சேமிப்புப் பெட்டி. உணவு கிடைக்காத நாட்களுக்கென அது கொழுப்பைச் சேர்த்து வைப்பது அங்கேதான். ஒரு குஞ்சின் வாலை அறுப்பது, ஏழைக் குடும்பத்தின் உண்டியலை உடைப்பதற்கு ஒப்பாகும்.

கண்ணாடியே ஆய்வுக்கூடம்

அப்படியாயின் பல்லியைத் தொடாமலே அறிய வழியில்லையா? உண்டு. அதற்குச் செலவு ஏதுமில்லை.

பாடசாலையிலோ வீட்டிலோ கண்ணாடி ஜன்னல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது பூச்சிகள் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மொய்க்கும். அவற்றைத் தேடிப் பல்லியும் அங்கே வரும். நாம் உள்ளே நின்று நோக்கினால் பல்லியின் வயிற்றுப்புறம் முழுவதும் நம் கண்முன்னே விரியும். தொடையில் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஆண். வயிற்றில் இரு வெள்ளை முட்டைகள் தெரிந்தால் அது பெண். இரண்டும் தெரியவில்லையெனில், "இன்னும் தெரியவில்லை" என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு விடையே. தெரியாததைத் தெரியாது என்று எழுதத் துணிவதுதான் விஞ்ஞானத்தின் முதற்படி.

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. இரத்தினபுரிக் கடைத்தெருவில் மாணிக்க வியாபாரி ஒருவர் நீலக்கல்லைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கியை யாவரும் கண்டிருப்பீர்கள். கல்லின் உள்ளே உள்ள கீற்றைக் காட்டும் அக்கண்ணாடியே பல்லியின் துளை வரிசையையும் காட்ட வல்லது.

குரலையும் செவிமடுங்கள். ஒருவரது எண்ணம் பலிக்கும் என்று மூதாட்டி நம்பும் அந்தத் தொடர் ஒலியைப் பெரும்பாலும் எழுப்புவது ஆண் பல்லியே. தன் எல்லைக்குள் நுழையும் மற்றோர் ஆணை எச்சரிக்கவும், இரை உண்ட பின்னரும், துணையை நாடும்போதும் அது ஒலிக்கிறது. நமக்கு நற்சகுனமாக ஒலிப்பது, அடுத்த மூலையில் நிற்கும் பல்லிக்கு "விலகிப் போ" என்ற அதட்டலாக இருக்கிறது! எனினும் பெண்ணும் சில வேளை குரல் எழுப்பும். ஆகவே குரலைத் துணைச்சான்றாகக் கொள்ளலாமேயன்றித் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

வெப்பம் எழுதும் விதி

குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் எப்போது தீர்மானமாகிறது? மனிதரில் அது கருத்தரிக்கும் கணத்திலேயே நிறமூர்த்தங்களால் முடிவாகிவிடுகிறது. பல்லிக் குடும்பத்திலோ ஒரே விதி இல்லை. சிலவற்றில் நம்மைப் போல ஆணிடம் வேறுபட்ட நிறமூர்த்தச் சோடி உண்டு. சிலவற்றில் பறவைகளைப் போலப் பெண்ணிடம் அது உண்டு. வேறு சிலவற்றில் முட்டை கிடக்கும் இடத்தின் வெப்பமே முடிவு செய்கிறது.

வெப்பம் இவ்வாறு ஆண் பெண்ணைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை முதன்முதலில் எடுத்துக்காட்டியவர் மதலேன் சார்னியே என்னும் பெண் விஞ்ஞானி. மேற்கு ஆபிரிக்காவின் ஓணான் இனமொன்றின் முட்டைகளை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டு அவர் அதனை வெளியிட்டார். உலகெங்கும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட நிலங்களுக்கு உரிய அப்பல்லியின் முட்டைகளை ஏறத்தாழ 26 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் வெளிவருவன பெரும்பாலும் பெண்கள். 32 அல்லது 33 பாகையில் வைத்தால் பெரும்பாலும் ஆண்கள். வெப்பம் 34 பாகையைத் தாண்டினால் மீண்டும் பெண்களே மிகுதியாகின்றன. வளர்ப்போர் குஞ்சைப் பார்த்து "இது ஆண்" என்று சொல்வது பல வேளைகளில் கண்ணால் கண்டதன்று. முட்டை வைத்த பெட்டியின் வெப்பமானியைக் கண்டு செய்த ஊகமே. சில மாதங்கள் சென்று, உருப்பெருக்கியில் கழிவாய்க்கு முன்னால் கூரை வடிவில் துளை வரிசை தெரிந்த பின்னரே ஊகம் உறுதியாகிறது.

நமக்கு அருகிலும் ஒரு சான்று உண்டு. 1976ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னை முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலையின் முட்டைகள் ஆராயப்பட்டு, அவற்றிலும் வெப்பமே ஆண் பெண்ணைத் தீர்மானிக்கிறது என்பது 1989ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. பூமியின் வெப்பம் ஏறிவரும் இந்நாளில் இத்தகைய உயிர்களின் எதிர்காலம் குறித்து அறிஞர் கவலை கொள்வதன் காரணமும் இதுவே. ஒரு சில பாகை ஏறினாலே ஒரு தலைமுறை முழுவதும் ஒரு பாலாகவே பிறந்துவிடக்கூடும் அன்றோ?

ஆணே இல்லாத குலம்

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இலங்கையிலும் பசிபிக் தீவுகளிலும் வாழும் சிறு பல்லி ஒன்றுக்கு இலத்தீன் மொழியில் "துயரம் கொண்டது" என்னும் பொருள்படப் பெயர் இட்டனர். அத்துயரப் பல்லிகள் அனைத்தும் பெண்களே எனலாம். ஆண் தென்படுவது மிக அரிது. ஆணின் துணையின்றியே பெண் முட்டையிட, அம்முட்டையிலிருந்து தாயை அச்சாக ஒத்த பெண் குஞ்சு பிறக்கிறது. பொருள்களில் ஒட்டிக்கொண்ட முட்டை ஒன்று கப்பலேறிக் கடல் கடந்தாலும் போதும். புதிய தீவில் ஒரு குலம் தோன்றிவிடும்.

ஆனால் மாணவர்கள் அவசரப்படலாகாது. போத்தலில் தனியே வைத்த வீட்டுப் பல்லி முட்டையிட்டது கண்டு, "இதுவும் ஆணில்லாக் குலம்" என்று முடிவு கட்டுவது பிழை. வீட்டுப் பல்லியின் பெண், முன்பே ஆணுடன் கூடியிருந்தால், அவ்வித்தைப் பல மாதங்கள் தன் உடலினுள் சேமித்து வைத்துப் பின்னர் முட்டையிட வல்லது.

மலையில் நிகழும் களவு

இது வெறும் சிறுவர் விளையாட்டுத்தானா என்று பெற்றோர் எண்ணலாம். அன்று. இக்கேள்விக்குப் பின்னால் பெரும் பணம் புழங்கும் வணிகம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

நமது தோட்டங்களுக்கு மேலே, இறக்குவானை மலைகளிலும் சிங்கராஜ வனத்தின் ஓரங்களிலும், உலகில் வேறெங்கும் இல்லாத பல்லிகளும் ஓணான்களும் வாழ்கின்றன. பாறை இடுக்குகளிலும் மரவேர்களிலும் பகலில் நடமாடும் சிறிய பகற்பல்லிகளில் 2007ஆம் ஆண்டிலிருந்து மட்டும் பல புதிய இனங்கள் இந்நாட்டில் விவரிக்கப்பட்டுள்ளன. ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறிய விஞ்ஞானிகள் பயன்படுத்தும் குறிகளுள் ஆணின் துளைகளது எண்ணிக்கையும் ஒன்று. இறக்குவானைக்கு அண்மையிலுள்ள மோர்னிங்சைட் காட்டிலிருந்து இரண்டு கொம்பு ஓணான் இனங்கள் 1998ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகமாயின. அவ்வளவு சிறிய காட்டையே வீடாகக் கொண்ட உயிர்கள் அவை.

வெளிநாடுகளில் இவற்றை வாங்குவோர் கேட்பது ஒன்றையே: "சோடி வேண்டும்." ஆணும் பெண்ணுமாகக் கிடைத்தால்தானே அங்கே குஞ்சு பொரிக்கவைத்து விற்கலாம்? குஞ்சுகளில் பால் தெரியாதாகையால் களவாடப்படுவன பெரும்பாலும் வளர்ந்த விலங்குகளே. முட்டை தாங்கிய தாயும் அதில் அடங்கும். ஒரு சிறு காட்டிலிருந்து தாய்கள் சில போனால் அடுத்த ஆண்டின் குஞ்சுகளும் உடன் போயின என்றே பொருள்.

இக்களவைத் தடுக்கச் சட்டம் உண்டு. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், பாதுகாக்கப்பட்ட ஊர்வனவற்றைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வதையும் குற்றமாக்குகின்றன. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கை நாடுகள் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியபோது, கொம்பு ஓணான்கள் உள்ளிட்ட இலங்கைக்கே உரிய ஓணான்கள் பல பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த மாநாடு முதலில் கொழும்பிலேயே நடைபெறவிருந்தது. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் பின்னர் அது வேறிடத்துக்கு மாற்றப்பட்டது.

சட்டம் தலைநகரில் இயற்றப்படலாம்; காவல் மலையடிவாரத்திலேயே நடக்கவேண்டும். காட்டுப்பாதைகளை நன்கறிந்தவர்கள் தோட்டத்து இளைஞர்கள். அந்நியர் ஒருவர் வந்து, "ஒரு சோடி பிடித்துத் தா, பணம் தருகிறேன்" என்றால் அதன் பொருள் என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவர் திரும்பிப் போய்விடுவார். வழக்கில் சிக்குவது பிடித்துக் கொடுத்தவரே ஆகலாம்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

ஆகவே நாம் கூறுவது இதுவே. பிள்ளை பல்லிக் குஞ்சைக் கொண்டுவந்து "ஆணா, பெண்ணா?" என்று கேட்டால் அதட்டி விரட்டாதீர்கள், அறிவின் வாசல் அப்போதுதான் திறக்கிறது. "இப்போது யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது, அதைச் சுவரிலேயே விடு, வளர்ந்ததும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். குஞ்சை அமுக்கவேண்டாம், வாலைப் பிடிக்கவேண்டாம். தவறித் தொட நேர்ந்தால் சவர்க்காரமிட்டுக் கைகழுவச் செய்யுங்கள். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள் ஊர்வனவற்றில் இருப்பதுண்டு.

மாணவர்கள் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒரே ஜன்னலை வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் நோக்கி, எத்தனை பல்லிகள் வந்தன, எவற்றில் துளை வரிசை தெரிந்தது, எவற்றில் முட்டை தெரிந்தது, எவற்றைப் பற்றி முடிவு கூற இயலவில்லை என்று திகதியிட்டு எழுதி வரலாம். ஓராண்டு சென்றபின் புரட்டிப் பார்த்தால், எந்த மாதங்களில் முட்டைகள் மிகுந்தன, குஞ்சுகள் எப்போது தோன்றின என்பதெல்லாம் தாமே விளங்கும். ஓர் உயிரையும் வருத்தாமல் பெற்ற அறிவாக அது இருக்கும்.

போத்தலில் நாம் வைத்திருந்த குஞ்சுக்குப் பெயர் வைக்கக் கொடுத்து வைக்கவில்லை. ஓராண்டு பொறுத்திருந்தால் அதுவே சுவரில் நின்று, தன் குரலாலோ தன் முட்டையாலோ நமக்கு விடை சொல்லியிருக்கும். இன்றிரவு உங்கள் வீட்டுச் சுவரில் பல்லி ஒலித்தால் மூதாட்டி விரலால் தட்டட்டும். அருகில் நிற்கும் பேரப்பிள்ளை மெல்ல எழுந்து சென்று ஜன்னல் கண்ணாடியைப் பார்க்கட்டும்.